இன்னிக்கு ஒரு நாள்தான் கண்ணு

கிளிப்பச்சை நிறத்தைப் பார்த்தாலே துளசிமணிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு காலத்தில் ஆசை ஆசையாக எடுத்த சேலைதான் அது. மாம்பழ மஞ்சளில் கரை, முந்தானையில் சின்னச் சின்ன மயில். தெரியாத்தனமாக அதைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் நீதிமன்றத்துக்குப் போனாள், மாட்டிக்கொண்டாள். பத்து வருடங்களாக அந்த ஒரு வழக்குக்குப் போகிற நாளெல்லாம் அதே சேலை, அதே பச்சைக்கல் பொட்டு, அதே ஒற்றைப் பின்னல். முதல் சேலை நைந்து கிழிந்ததும் தறிக்காரர் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடி அச்சு அசலாக இன்னொன்று நெய்து வாங்கினாள். அதுவும் இப்போது வெளுக்கத் தொடங்கியிருந்தது. வெளுத்த தலைமுடிக்கு டை அடித்துக்கொள்வாள். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, குத்துமதிப்பாகத் தடவித்தான் சாட்சி அறைக்குள் நுழைவாள்.

அவள் குழந்தைச் சாட்சிகளுக்குத் துணையாள். சாட்சி சொல்கிற குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, 'பயப்படாத கண்ணு' என்று சொல்வதற்கு அரசாங்கம் வைத்திருக்கிற ஆள். இந்த வழக்கில் பிடித்துக்கொள்ளக் கை கிடையாது. திரை மட்டும்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பீரோவைத் திறந்தபோது சேலை அவளைப் பார்த்து முறைத்தது. எதிர்த்தரப்பு வக்கீல் நல்லசிவம் வீட்டில் அன்று புதுமனை புகுவிழா என்று நீதிமன்ற டவாலி முன்கூட்டியே சொல்லியிருந்தான். போன தடவை அவருக்குத் தொண்டைக் கட்டு. அதற்கு முந்தி அவருடைய ஜூனியருக்குக் கல்யாணம். அதற்கும் முந்தி யார் வீட்டு எழவோ, நினைவில்லை. எப்படியும் வாய்தாதான், இந்தச் சனியனை எதற்குக் கட்டுவானேன் என்று பீரோவை அறைந்து சாத்தினாள். சாம்பல் நிறத்தில் ஒரு நூல் சேலையைச் சுற்றிக்கொண்டு, டை அடிக்காத நரைத்த தலையைக் கொண்டையாக முடிந்து, கண்ணாடியும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரெண்டு மாதமாக அந்தத் தலையில் டையே படவில்லை.

போன வாரம்தான் மாற்றலாகி வந்திருந்த நீதிபதி அமீனா பேகத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நெற்றியில் சந்தனம் மணக்க வந்த நல்லசிவத்துக்கும் தெரியாது.

"வீட்டுல விசேஷமுங்க அம்மா. ஒரு மாசம் தள்ளிப் போட்டீங்கன்னா..." என்று ஆரம்பித்தார் அவர்.

"பால் காய்ச்சியாச்சா?" என்று கேட்டார் நீதிபதி.

"காலையிலயே காய்ச்சியாச்சுங்க."

"அப்புறம் சாப்பாடு மட்டும்தானே பாக்கி? கேள்வியை முடிச்சிட்டுப் போய்ச் சாப்பிடுங்க." நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டே நிமிர்ந்தார். "துணையாள் யாரு? இங்க வாங்க. எனக்கு முன்னாடி இருந்தவங்க எழுதி வெச்சதைப் படிச்சேன், தலையும் புரியலை வாலும் புரியலை. ஒரு நிழல் சாட்சியைப் பத்து வருஷமா ஏன் விசாரிச்சு முடிக்கலை?"

"அதை என்னையக் கேட்டா எப்படீங்க அம்மா?" என்றாள் துளசிமணி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உங்களைத்தான் கேக்கறேன். ஆரம்பத்துல இருந்து இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

அதுவும் சரிதான். இந்தப் பத்து வருடங்களில் நீதிபதிகள் வந்து போனார்கள். அரசு வக்கீல்கள் பேருந்தில் இடம் மாறி உட்காருவது போல மாறினார்கள். துளசிமணி மூச்சை இழுத்து விட்டாள்.

"முன்னெல்லாம் கொழந்தை நேரா கோர்ட்டுக்கு வரோணும்ங்க. சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லோணும். எதிர்ல குத்தவாளி நிப்பான். கொழந்தைக்குக் காய்ச்சலே வந்துரும். அதுக்காவத்தான் நிழலைக் கொண்டாந்தாங்க. மூணு நாள் கொழந்தைய வெச்சு அதோட பேச்சு, நெனப்பு, முகம் அத்தனையும் பதிஞ்சுக்கறது. அப்பறம் அசல் கொழந்தை வூட்டுக்குப் போயிரும், எந்தக் கோர்ட்டும் மறுக்காக் கூப்பிடக் கூடாது. திரையில இருக்கற நிழலுதான் சாட்சி. என்ன கேட்டாலும் அந்தக் கொழந்தை என்ன சொல்லுமோ அதையே சொல்லும்ங்க."

"நல்ல ஏற்பாடுதானே?"

"ரொம்ப நல்ல ஏற்பாடுங்க. அதுதான் வெனையாப் போச்சு. முன்னெல்லாம் வாய்தா கேட்டா ஜட்ஜுங்க சீறுவாங்க, வெளிய பச்சக் கொழந்தை காத்துக்கிட்டுக் கெடக்குதுன்னு. இப்ப யாருங்க காத்துக் கெடக்கறாங்க? நிழல் இருக்கற பொட்டியை அணைச்சாத் தீந்துச்சு. கேட்டவங்களுக்கெல்லாம் வாய்தா."

நல்லசிவம் தொண்டையைச் செருமினார். நீதிபதி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒவ்வொரு தடவையும் நிழலை முதல்ல இருந்து எழுப்புவீங்களா?"

"இல்லீங்க. குறுக்கு விசாரணை ஆரம்பிச்சாச்சு. ஆரம்பிச்சாப் பொறவு பின்னுக்குக் கொண்டுபோகக் கூடாதாமாங்க. வக்கீல் கேட்டது அதுக்கு மறந்து போயிருமில்ல? அதனால அப்படியே நிறுத்தி வெச்சிருக்குதுங்க. அணைச்சது ஒரு நொடி, எழுப்பறது அடுத்த நொடி. நடுவுல நமக்கு வருசம் போகும், அதுக்குப் போகாது. மிதுனாவுக்கு இன்னும் அதே எட்டு வயசு, அதே மத்தியானம். நாந்தான் அந்த மத்தியானத்துல கெழவியாயிட்டேன். அது தெரியக்கூடாதுன்னுதான் அன்னிக்கு இருந்த கோலத்துலயே வரச் சொல்லியிருக்காங்க."

"அசல் குழந்தையையே கூப்பிட்டு முடிச்சிருக்கலாமே?"

"மனு போட்டாங்க. ஏழு வருசம் இருக்கும். இவருதான் எதுத்து நின்னு கெலிச்சாரு." துளசிமணி நல்லசிவத்தைக் கை காட்டினாள். "அந்தக் கொழந்தைக்கும் கேஸுக்கும் சம்பந்தமே கெடையாதுன்னு உத்தரவு வாங்கிட்டாரு."

"சரி, இன்னைக்கு முடிச்சிடுவோம். நிழலை எழுப்பச் சொல்லுங்க."

துளசிமணி அப்போதுதான் குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். சாம்பல் நிறம்.

"அம்மா, பக்கத்துலதானுங்க வீடு. அர மணி நேரம் குடுத்தீங்கன்னா போயி..."

"நீங்களுமா வாய்தா கேக்கறீங்க?" என்று நீதிபதி எழுந்துவிட்டார்.

நல்லசிவம் அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். நரைத்த கொண்டை, கண்ணாடி, சாம்பல் சேலை. அவர் முகம் மலர்ந்தது. "நான் தயாருங்க அம்மா. இப்பவே கேட்டுடறேன். சாப்பாடு என்னங்க, எப்ப வேணாச் சாப்பிட்டுக்கலாம்" என்றார். பத்து வருடத்தில் அந்த மனிதர் தயார் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

சாட்சி அறை சின்னது. சுவரில் பலூன் படங்கள் உரிந்து தொங்கின. ஒரு பக்கச் சுவர் முழுக்கத் திரை, அதை ஒட்டித் துணையாளுக்குக் குட்டி நாற்காலி. நீதிபதி உள்ளே, குழந்தையின் கண்ணில் படாத மூலையில் உட்கார்ந்து கேட்பார்; எந்த நீதிபதி கேட்டாலும் குழந்தைக்கு ஒரே குரல்தான் போய்ச் சேரும். வக்கீல் வெளியே கூடத்தில் நின்று கேள்வியை நீதிபதி காதில் மாட்டியிருக்கும் கருவி வழியாகச் சொல்வார். குற்றம் சாட்டப்பட்ட சென்னியப்பன் இன்னும் தள்ளி, ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். சாயப்பட்டறை முதலாளி, ஜாமீனில் வந்து ஊரில் பெரிய மனிதராக வலம் வந்துகொண்டிருப்பவர். கையுறை கேட்டு மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டு அவரோடு சண்டை பிடித்த சுகந்தி என்கிற தொழிலாளி, கழிவுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போனாள். கால் வழுக்கிவிட்டது என்றார்கள். பனியன் துணிப் பண்டல்களுக்குப் பின்னால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அவளுடைய மகள் மிதுனா மட்டும்தான், வழுக்கவில்லை, தள்ளிவிட்டார்கள் என்று சொன்னாள். எழவு வீட்டுக்கு மாலையோடு வந்த சென்னியப்பன் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, 'வாயத் தொறந்தீன்னா நீ பெரிய புள்ளையாவே ஆக மாட்டே' என்று சொன்னதையும் அவள்தான் சொன்னாள்.

ஆபரேட்டர் ஜெபசீலன் துளசிமணியைப் பார்த்ததும் திடுக்கிட்டான். "என்னக்கா இது? சேலை எங்க?" என்று கிசுகிசுத்தான்.

"எழுப்புடா. எல்லாம் என் தலையெழுத்து."

திரையில் மிதுனா எழுந்தாள். ரெட்டைப் பின்னல், ரோஸ் கவுன், சொல்ல வந்த வார்த்தையில் பாதி திறந்த வாய். நல்லசிவம் கேட்ட கேள்வி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது: நீ ஒளிந்திருந்த இடத்திலிருந்து அவர் முகம் தெரிந்ததா? அந்தப் பதிலை அவள் சொல்ல வரும்போதெல்லாம் அவர் எழுந்து, கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும், யோசிக்க அவகாசம் வேண்டும் என்று தன் கேள்விக்குத் தானே ஆட்சேபம் தெரிவித்துப் பெட்டியை அணைக்க வைத்திருக்கிறார்.

மிதுனா பதிலைச் சொல்லப் பக்கவாட்டில் திரும்பித் துளசிமணியைத் தேடினாள். அவள் வாய் மூடிக்கொண்டது.

"நீங்க யாரு? துளசி ஆன்ட்டி எங்க?"

"நாந்தான் கண்ணு. துளசி ஆன்ட்டிதான்."

"இல்ல. ஆன்ட்டி இப்பத்தான இங்க உக்காந்திருந்தாங்க? பச்சைச் சேலை கட்டிக்கிட்டு. நீங்க பாட்டி." குழந்தையின் குரல் உடைந்தது. "ஆன்ட்டியை என்ன பண்ணீங்க? ஆன்ட்டி வந்தாத்தான் பேசுவேன்."

கண்ணாடியைக் கழற்றினாள் துளசிமணி. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகப் போட்டுக் காட்டினாள். ஒன்றும் எடுபடவில்லை. மிதுனா திரையின் ஓரத்துக்கு ஒண்டிக்கொண்டு கேவிக் கேவி அழுதாள். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான்.

வெளியே நல்லசிவத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கூடவே இருந்த துணையாளை இந்தச் சாட்சிக்கு அடையாளம் தெரியவில்லை, பண்டலுக்குப் பின்னாலிருந்து பார்த்த ஆளை மட்டும் எப்படித் தெரிந்திருக்கும், நிழலை ரத்து செய்ய வேண்டும் என்று முழங்கினார். நீதிபதி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அன்னைக்கும் சாட்சி பேசலைன்னா நிழலை விலக்கறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை" என்றார். நிழல் போனால் வழக்கே இல்லை. பார்த்த கண் அது ஒன்றுதான்.

துளசிமணி வீட்டுக்குப் போய்ப் பச்சைச் சேலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து வருடம் கட்டினேன், ஒரு நாள் கட்டவில்லை, அந்த ஒரு நாள்தானா இவர்களுக்குக் கிடைத்தது என்று சேலையிடமே சண்டை போட்டாள். இனி இதைக் கட்டிக்கொண்டு போனாலும் பிரயோசனமில்லை. ஒரு கிழவியின் முகத்தைக் குழந்தை பார்த்துவிட்டது, அது மறக்காது. மறக்கக் கூடாதென்றுதான் சட்டமே இருக்கிறது.

மறுநாள் அவள் பஸ் ஏறிக் கோயமுத்தூருக்குப் போனாள். அசல் மிதுனாவுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை நீதிமன்றத்து ஆட்கள் யாரும் அவள் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. போன மாதத்தோடு அந்தத் தடை தீர்ந்துவிட்டது. மிதுனா படிக்கும் கல்லூரிக்கு எதிரில் இருந்த பேக்கரியில், அவளை வரச் சொல்லிவிட்டுக் காத்திருந்தவள், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்ணைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். வழக்குக் கட்டில் சுகந்தியின் போட்டோ ஒன்று உண்டு. அந்தப் போட்டோ நடந்து வருவது போல இருந்தது.

"கேஸ் முடிஞ்சிருச்சுன்னுதான சித்தி சொன்னாங்க?" என்றாள் மிதுனா, எல்லாவற்றையும் கேட்ட பிறகு.

"உம்மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க."

"எல்லாரும் எம்மனசையே பாத்துக்கிட்டிருந்திருக்கீங்க." அவள் டீயைத் தொடவில்லை. "அப்ப அவ? பத்து வருசமா அந்தக் கேள்வி முன்னாடியே உக்காந்திருக்காளா?"

"அவளுக்கு அது பத்து வருசம் இல்ல கண்ணு. ஒரு மத்தியானம்."

"முடியாத மத்தியானம்." மிதுனாவின் முகம் சிவந்தது. "இன்னிக்கு ஒரு நாள்தான் கண்ணு, அப்பறம் வரவே வேண்டாம்னு எங்கிட்ட சொன்னீங்களே ஆன்ட்டி. நல்லா ஞாபகம் இருக்குது."

"உங்கிட்டச் சொன்னது நெசமாத்தான் போச்சு சாமி. அவகிட்டச் சொன்னதுதான்..." துளசிமணியால் முடிக்க முடியவில்லை. இத்தனை வருடமும் ஒவ்வொரு தடவை எழுப்பியதும் அதையே அல்லவா சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"அதுக்கு வலிக்குமா? அவளுக்கு?"

"ஆபரேட்டரைக் கேட்டா வெறும் கணக்குதான் அக்காங்கறான். ஆனா அவ அழுகறப்ப அவனும் ஸ்பீக்கரைக் கொறைச்சு வெச்சுக்கறான்."

மிதுனா ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தாள். பிறகு, "துணையாளுக்கு என்ன படிச்சிருக்கோணும்?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை துளசிமணி தான் விலகிக்கொள்வதாகவும், தன் இடத்தில் மிதுனாவை வைக்க வேண்டும் என்றும் மனு கொடுத்தாள். நல்லசிவம் குதித்த குதியில் அவருடைய கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது.

"இது எந்த ஊரு நியாயமுங்க? சாட்சிக்குத் துணையா சாட்சியே வர்றதா?"

"இவங்க சாட்சின்னு யார் சொன்னது?" நீதிபதி வழக்குக் கட்டிலிருந்து ஒரு பழுப்புத் தாளை எடுத்தார். "ஏழு வருஷத்துக்கு முன்னாடி நீங்க வாங்கின உத்தரவு இது. 'நிழல் பதிவான நொடியோடு அசல் குழந்தைக்கும் இந்த வழக்குக்கும் உள்ள சம்பந்தம் முற்றிலும் அறுந்துபோகிறது.' உங்க மனுவுல இருந்த வரி, வார்த்தை மாறாம அப்படியே ஏத்துக்கிட்டிருக்காங்க. நல்லா எழுதியிருக்கீங்க."

"அது வேற சந்தர்ப்பமுங்க."

"துணையாளுக்கு ரெண்டே தகுதிதான் வக்கீல் சார். வழக்கோட சம்பந்தம் இருக்கக் கூடாது. அதை நீங்களே அறுத்து விட்டுட்டீங்க. பதினெட்டு வயசு ஆகியிருக்கணும். அது நீங்க வாங்கின வாய்தாவுல ஆயிடுச்சு."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். டவாலி அதட்டுவதற்குப் பதிலாகத் தானும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நீதிபதி மிதுனாவைக் கூப்பிட்டு, வழக்கைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, திறந்தால் அந்த நிமிடமே வெளியே அனுப்பிவிடுவேன் என்று எச்சரித்தார். "யாருன்னு கேட்டா என்னங்க சொல்றது?" என்று கேட்டாள் அவள். நீதிபதி யோசித்தார். "பத்து வருஷமா பொய் சொல்லியாச்சு. இன்னைக்கு உண்மையைச் சொல்லிப் பார்ப்போம்" என்றார்.

துளசிமணி கதவோரம் நின்றுகொண்டாள். நீலச் சுடிதார் போட்டிருந்த மிதுனா குட்டி நாற்காலியில் முழங்காலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெபசீலன் நிழலை எழுப்பினான்.

ஓரத்தில் ஒண்டியிருந்த குழந்தை அழுத முகத்தை மெல்ல நிமிர்த்தியது. அப்படியே நின்றுவிட்டது.

"அம்மா?"

இது ஒருவருக்கும் தோன்றாமல் போயிற்றே என்று துளசிமணி தன்னையே திட்டிக்கொண்டாள். குழந்தைக்கு அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லையே. மிதுனா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. ஆனால் குரல் பிசிறவில்லை.

"அம்மா இல்ல கண்ணு. அம்மா மாதிரி இருக்கறேனா?"

"பின்ன நீங்க யாரு?"

"நாந்தான் நீ. நீ வளந்தா இப்படித்தான் இருப்பே. இங்க பாரு." அவள் தன் தாடையை நிமிர்த்திக் காட்டினாள். பம்பரக் கயிறு இழுத்துக் கிழித்த தழும்பு ஒன்று அங்கே வெள்ளையாக இருந்தது. குழந்தை தன் தாடையைத் தொட்டுப் பார்த்தது. அங்கே அது இன்னும் சிவப்பு மாறவில்லை.

"பொய் சொல்றீங்க."

"பொய் சொன்னா உனக்குத் தெரிஞ்சிருமே."

குழந்தை ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, "நான் பெரிய புள்ளையாவே ஆக மாட்டேன்னு அவரு சொன்னாரே" என்றது.

மிதுனா நீதிபதியைப் பார்த்தாள். நீதிபதி மெல்லத் தலையை அசைத்தார், கூடாது. மிதுனா நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். முதுகை நேராக்கிக்கொண்டு, திரையை ஒட்டி, முழு உயரமும் தெரிகிற மாதிரி நின்றாள். அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது குழந்தைக்கு. பார்த்தது. காலிலிருந்து தலைவரை நிதானமாகப் பார்த்தது. பிறகு கவுன் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நீதிபதி பக்கம் திரும்பியது.

"என்ன கேட்டீங்க? முகம் தெரிஞ்சுதான்னா?"

நல்லசிவத்தின் குரல் நீதிபதியின் காதில் பதறியது. கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டும், ரத்த அழுத்தமாக இருக்கிறது, ஒரு வாரம் போதும் என்றது. நீதிபதி காதிலிருந்த கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஆமாம்மா. முகம் தெரிஞ்சுதா?"

"முகம் தெரியலைங்க. பண்டல் மறைச்சிருச்சு. காலுதான் தெரிஞ்சுது."

"யார் காலு?"

"முதலாளி காலு. பட்டறைக்குள்ள அத்தனை பேரும் பூட்ஸு போட்டிருப்பாங்க. அவரு மட்டுந்தான் வெறுங்கால்ல நடப்பாரு. பட்டறை லச்சுமி, மிதியடியோட மிதிக்கக் கூடாதுன்னு சொல்லுவாரு. அன்னிக்கு மஞ்சச் சாயம் ஓடுச்சு. காலு கணுக்கால் வரைக்கும் மஞ்சளா இருந்துச்சு. அம்மாவோட பூட்ஸு பின்னாடி பின்னாடி போச்சு. மஞ்சக் காலு முன்னாடி முன்னாடி வந்துச்சு. அப்பறம் பூட்ஸக் காணோம்."

அன்றே அத்தனை கேள்விகளும் முடிந்தன. நல்லசிவம் கேட்டார், கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. குழந்தை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு மிதுனாவை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டது. பத்து வருடம் இழுத்த விஷயம் ஒரு டீ ஆறுகிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு என்று துளசிமணிக்கு யாரையாவது பிடித்து நாலு அறை விட வேண்டும் போல இருந்தது. திரையை அணைப்பதற்கு முன் குழந்தை கதவோரம் எட்டிப் பார்த்தது.

"பாட்டி, நீங்க நெசமாவே துளசி ஆன்ட்டியா?"

"ஆமா சாமி."

"அப்ப ஏன் சேலையை மாத்துனீங்க? பச்சை உங்களுக்கு நல்லா இருந்துச்சு."

துளசிமணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஜெபசீலன் அன்றைக்கு ஸ்பீக்கரைக் குறைக்கவில்லை.

சென்னியப்பனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு வந்த வாரமே நல்லசிவம் மேல்முறையீடு செய்துவிட்டார். மேல்முறையீடு முடியும்வரை நிழலை அழிக்கக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம். நீதிமன்ற அலுவலகத்திலிருந்து புதுத் துணையாள் மிதுனாவுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது: சாட்சியின் நேர உணர்வு குலையாதபடி, துணையாள் கடைசியாகத் தோன்றிய அதே உடையிலும் அதே தோற்றத்திலும் எப்போதும் வர வேண்டும். படித்ததும் துளசிமணி தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனைக்கும் பிறகு இவர்களுக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

ஆனாலும் பழக்க தோஷம் விடுமா? ஞாயிற்றுக்கிழமை மிதுனாவைக் கூட்டிக்கொண்டு ஜவுளிக் கடைக்குப் போனாள். அதே நீலத்தில், அதே பூ வேலைப்பாட்டில் ரெண்டு சுடிதார் எடுத்துப் போடச் சொன்னாள்.

"எதுக்கு ஆன்ட்டி ரெண்டு?"

"துவைச்சாத் துணி வெளுத்துரும் கண்ணு. எத்தனை வருசம் இழுப்பாங்களோ, யாரு கண்டா? நாம்பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தலைக்கும் இப்பவே ஒரு நல்ல டையாப் பாத்து வெச்சுக்க."

மிதுனா ரெண்டு நீலத்தையும் மடித்துத் தள்ளி வைத்தாள். "அடுத்த தடவை அவ எந்திரிக்கறப்ப எனக்கு இருபத்தஞ்சோ நாப்பதோ, என்ன வயசோ தெரியலை. எவ்வளவு வயசோ அவ்வளவு வயசாத்தான் போவேன். வேற துணியில, வேற தலையோட, நரைச்சிருந்தா நரையோட. நான் பெரிய புள்ளையாயிக்கிட்டே இருக்கறதை அவ பாக்கோணுமில்ல?"

"ரூல்ஸு இருக்குதே கண்ணு."

"எழுதுனவங்க வந்து அவ பக்கத்துல உக்காரட்டும்."

மிதுனா அடுக்கிலிருந்து அரக்கு நிறத்தில் ஒன்றை உருவித் தோளில் வைத்துப் பார்த்தாள். கடைக்காரர் பில் போடுவதற்கு முன், இதிலும் ரெண்டு போடட்டுமா என்று கேட்டார்.

"ஒண்ணு போதுங்க" என்றாள் துளசிமணி.